ரியூபுக்குள் சீலன்ற்றா, கைவசம் இன்னொரு ரியூபா?

யாழ்ப்பாணத்தில் மெல்லிய ரயர் போட்ட ரேஸிங் சைக்கிள் ஓடுகிறவர்களுக்குத் தொல்லை இரண்டு: நெருஞ்சிமுள், போத்தல் ஓடு. ஓட்டையைத் தானாக அடைக்க ரயருக்குள்ளோ ரியூபுக்குள்ளோ விடும் திரவமான சீலன்ற் முதலாவதற்குத்தான் சரி.

அது பெரும்பாலும் இறப்பர் பால்தான். நுண்ணிய துகள்களும் கலந்திருக்கும். ஓட்டை வழியே காற்றோடு வெளிவரும்போது பால் உறைந்து, துகள்கள் சிக்கி, வாய் அடைபடும். மாரி முடிந்து நெருஞ்சி காயும் காலத்தில், முள் குத்தியது தெரியாமலே வீடு வந்து சேரலாம். ஆனால் 25 மில்லிமீற்றர் ரயருக்கு 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடிப்பவர்களுக்குக் கதை வேறு. உறைய முதலே பால் பீச்சியடிக்கும். காற்று பாதிக்கு இறங்கிய பிறகுதான் அடைபடப் பார்க்கும். அதற்குள் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. போத்தல் ஓடு கீறிய வெட்டையோ, குழியில் விழுந்து றிம் நசித்த இரட்டை ஓட்டையையோ அது அடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ரியூப்லெஸ் (உள்ளே ரியூப் இல்லாத) ரயர் என்றால் சீலன்ற் வேண்டும், பேச்சில்லை. சாதாரண ரியூபுக்குள் விடுவதுதான் யோசிக்க வேண்டிய விசயம். வால்வின் உள்ஊசி கழற்றக்கூடியதாக இருந்தால் 30 மில்லிலீற்றர் அளவில் விடலாம். எங்கள் வெயிலில் அது சில மாதங்களிலேயே காய்ந்து கட்டிபடும். கிளைக்கோல் கலந்த வகை கூடக் காலம் ஈரமாகக் கிடக்கும், பாரமும் கூட. அடைபடாத ஓட்டையோடு கடைக்குப் போனாலும் சிக்கல்: பால் கசியும் இடத்தில் ஒட்டுப் பசையான சொலூசன் பிடிக்காது. ஒட்டுப் போடுகிறவர் முகம் சுளிப்பது நியாயம்தான்.

இன்னொரு வழி, முள் தாங்கும் பட்டி வைத்த ரயர். ஓட்டத்தில் கொஞ்சம் மந்தம். ஆனால் முள்ளோடு சிறு போத்தல் ஓடுகளையும் ஓரளவு தடுக்கும், காய்ந்தும் போகாது.

யாழ் நகரை ஒட்டிய நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் மட்டும் ஓடுகிறவர் ஒன்றுக்கும் செலவழிக்க வேண்டாம். சைக்கிள் கடை தூரமில்லை. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று தீவுப் பக்கம் போகிறவருக்கு என் தெரிவு பட்டி ரயர், ஒரு ரியூப், சின்னப் பம். இரண்டு பக்கமும் கடல், நிழலும் இல்லை, கடையும் இல்லை. அங்கே சீலன்ற்றை மட்டும் நம்பிப் போவது துணிச்சல்தான்.

32 மில்லிமீற்றர் ரயரில் குறைந்த காற்றோடு ஒழுங்கைகளில் ஓடுகிறவர் தாராளமாகச் சீலன்ற் விடலாம். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரச் சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்சம் பொறுங்கள், பால் அங்கே தேங்கட்டும். அப்புறம் பம் அடியுங்கள்.