செகண்ட்ஸில் எச்எம்டி லேத் வாங்கலாமா?

எச்எம்டி (ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்) லேத்தை, அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷினை, பழையதாக வாங்கலாம், பெட் (மற்ற பாகங்கள் ஓடும் நீளமான அடிப்பாகம்) தேறினால். அதன் என்எச் 22 மாடலின் சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் அச்சு வரை) 220 மி.மீ. வார்ப்பு கனம் என்பதால் ஆழமாகக் கட் கொடுத்தாலும் அதிர்வு குறைவு. அதே விலைக்கு வரும் புது லைட் டியூட்டி லேத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். சின்ன ஜாப் (கடையும் பொருள்) எல்லாம் சக், அதாவது ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் பாகத்தின் பக்கம்தான் ஓடும். அந்த ஒன்றரை அடிதான் தேயும். அங்கே சேடில் (கட்டிங் டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் பாகம்) கிப்பை, அதாவது ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையை, டைட் வைத்து எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். போகப் போக இறுகினால் தேய்மானம் உறுதி. அடுத்தது காலர் டெஸ்ட். 50 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் (வளையம் போன்ற மேடு) விட்டு, ஒரே செட்டிங்கில் லேசாகக் கடைந்து அளந்து பாருங்கள். இரண்டு காலரின் விட்ட வித்தியாசம் 0.02 மி.மீ.க்கு மேல் போனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். லெவல் தப்பினாலும் இப்படிக் காட்டும். ஆகவே லெவல் பார்த்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

விற்பவர் “பெட் கிரைண்டிங் போட்டாச்சு” (தேய்ந்த பெட்டைச் சாணை பிடித்தாயிற்று) என்றால் உஷார். பெட் இறங்கினால் சேடிலும் அதன் முன்பக்கம் தொங்கும் ஏப்ரனும் கூடவே இறங்கும், லீட் ஸ்க்ரூ (த்ரெட் வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீள ஸ்க்ரூ) பிராக்கெட் பழைய உயரத்திலேயே நிற்கும். சேடிலுக்கு அடியில் டர்சைட் (வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டி உயர்த்தாவிட்டால் ஹாஃப் நட் (ஏப்ரனை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் நட்) போடும்போது ஸ்க்ரூ வளையும், த்ரெட் கெடும்.

கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம், பெரிய விஷயமில்லை. கன்மெட்டலில் புது நட் கடைந்து போட்டுக்கொள்ளலாம். சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் கியர்தான் தலைவலி. ஒவ்வொரு ஸ்பீடாகப் போட்டுச் சத்தம் கேளுங்கள். பல் உடைந்திருந்தால் கம்பெனி ஸ்பேரை நம்பாமல் வெளியே வெட்டிக்கொள்வதே வேகம்.

கம்பெனி ஸ்பேரை நம்ப முடியாத நிலை வந்ததற்குக் காரணம் கம்பெனியின் கதையிலேயே இருக்கிறது. 1953-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில், சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டுறவோடு தொடங்கிய அரசு நிறுவனம் இது. அறுபதுகளில் பிஞ்சோர், களமசேரி, ஹைதராபாத் என்று விரிந்தது. கடிகாரம், டிராக்டர், பல்பு என்றும் கை நீண்டது. 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) இறங்கியபோது ஆர்டர் நழுவியது. கடிகாரப் பிரிவையும் டிராக்டர் பிரிவையும் மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. மெஷின் டூல்ஸ் பிரிவு நலிந்த நிலையில் தொடர்ந்தது.

ஒரே ஜாப்பை ஆயிரக்கணக்கில் ஓட்டுபவருக்கு இது வேண்டாம், சிஎன்சி பாருங்கள். ரிப்பேர், ஷாஃப்ட், ஒற்றைப்படை ஜாப் வேலைக்குக் கச்சிதம். விலை பேசும்போதே டாக் சக் (நான்கு தாடையும் தனித்தனியே நகரும் சக்), ஸ்டெடி (நீள ஜாப்பைத் தாங்கும் பாகம்), மாற்று கியர் செட் மூன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.