ஆர்டிஐ ஆன்லைன்: டெல்லியில் பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

டெல்லித் தமிழர்கள் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடும்போது பெரும்பாலும் கோட்டை விடுவது கேள்வியில் அல்ல, எந்தத் தளம் என்பதில். டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்), டெல்லி போலீஸ் என்றால் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளம். ஜல் போர்டு (குடிநீர் வாரியம்) போன்ற டெல்லி அரசு அமைப்புகளுக்குத் தனித் தளம் உண்டு. மத்தியத் தளத்தில் மாற்றிப் போட்டால் மனு திரும்பிவிடும், கட்டிய 10 ரூபாய் திரும்பாது. பணம் போகட்டும், வீணாகும் நாட்கள்தான் எரிச்சல்.

மனுப் பெட்டியில் 3000 எழுத்துக்குறிகள்தான் கொள்ளும். ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே ஏற்கும். வேர்டிலிருந்து ஒட்டினால் மேற்கோள்குறியும் ரூபாய்ச் சின்னமும் தகராறு செய்யும். நோட்பேடில் ஒட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போடுங்கள். தமிழில் முறையிட டெல்லி மலை மந்திர் கோயில் முருகன்தான் கதி. பெரிய மனுவைப் பிடிஎஃபாக இணைக்கலாம்: 1 எம்பிக்குள், கோப்புப் பெயரில் இடைவெளி இல்லாமல்.

பணம் போய்ப் பதிவு எண் வரவில்லையா? உடனே மறுபடி கட்டாதீர்கள். பணம் வந்து சேர்ந்ததை வங்கிக் கணக்கோடு சரிபார்த்த பிறகே எண் உருவாகும். 24 முதல் 48 மணி நேரம், அதுவும் வேலை நாள் கணக்கில், பொறுக்க வேண்டும்.

"பூங்கா விளக்கு ஏன் எரியவில்லை?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் கொடுப்பது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. "இந்தப் பூங்காவின் விளக்குப் பராமரிப்பு ஒப்பந்த நகல், 2024-25இல் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, புகார்ப் பதிவேட்டின் பக்கங்கள்" என்று கேளுங்கள், நழுவ இடமிருக்காது. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய் கேட்டால் சீக்கிரம் கட்டிவிடுங்கள். கேட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டும் வரையான நாட்கள், அவர்கள் பதில் தர வேண்டிய 30 நாள் கெடுவில் சேராது. கெடு தாண்டிவிட்டால் அந்தத் தகவலை இலவசமாகவே தர வேண்டும், பிரிவு 7(6). இதைப் பலர் கேட்பதே இல்லை.

தளத்தின் உண்மையான பலம் முதல் மேல்முறையீடு, அதாவது அதே அமைப்பின் மேலதிகாரியிடம் முறையிடுவது. கட்டணம் கிடையாது. பதிவு எண்ணைப் போட்டு, காரணப் பட்டியலில் 'கெடுவுக்குள் பதில் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து நிமிட வேலை. கெடு முடிந்து 30 நாளுக்குள் போட வேண்டும். மாதக்கணக்கில் அசையாத கோப்பு இந்த ஒரு படியில் அசைவதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். டெல்லி அரசு அமைப்புகளுக்கும் அதுதான். அங்கே விசாரணைத் தேதி வர மாதங்கள் ஆகும். அதுவரை முதல் மனு, ரசீது, பதில் மூன்றையும் பிடிஎஃபாகத் தனியே எடுத்து வையுங்கள்.