டோக்கம்வால் ஆற்றங்கரை: நாயோடு கூடாரம் போட ஏற்ற இடம்

ஆஸ்திரேலியாவில் நாயோடு முகாம் போக நினைப்பவர்களுக்கு முதல் சிக்கலே தேசியப் பூங்காக்கள்தான், பெரும்பாலானவற்றில் நாய்க்கு அனுமதி கிடையாது. அதனால்தான் மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, மர்ரே ஆற்றுக்கு அந்தப்பக்கம், நியூ சவுத் வேல்ஸில் இருக்கும் டோக்கம்வாலுக்குப் போனோம். அங்கே ஆற்றோரக் காடு வட்டாரப் பூங்காவாக இருப்பதால் கயிற்றில் கட்டி நாயைக் கூட்டிப்போகலாம்.

மணல் அருமை. பிள்ளைகள் காலையில் தண்ணீரில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள், ஆனால் அடியில் மரக்கட்டைகள் கிடக்கும், இழுப்பும் உண்டு, அதனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் விடாதீர்கள். கழிவறை, குடிநீர், குப்பைத்தொட்டி எதையும் எதிர்பார்க்காமல் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். கூடாரத்தை ஆற்றோர யூகலிப்டஸ் மரத்தடியில் மட்டும் போடவே போடாதீர்கள், நிழலாகத்தான் இருக்கும், ஆனால் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும்.

இரண்டாம் நாள் எங்கள் நாய் திடீரென்று கத்திக்கொண்டு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டது. யாரோ முந்தின இரவு நெருப்பை மணல் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, கை வைத்தால் கொதித்தது. பாதத்தை ஆற்றுத் தண்ணீரில் வெகுநேரம் வைத்திருந்தோம். நல்லவேளை, கொப்புளத்தோடு போயிற்று. குழந்தை மிதித்திருந்தால்? தயவுசெய்து நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

அப்புறம், நரியைக் கொல்ல இரையில் வைக்கும், நாய் தின்றாலும் செத்துப்போகும் 1080 என்ற விஷத்துக்கான எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நாயை வண்டியிலிருந்து இறக்குங்கள். ஈஸ்டருக்கு மறுபடி போகிறோம்.