ஃபேஸ்புக், இன்ஸ்டா இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல்: கிடைத்ததும் போனதும்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் முடக்கினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாரோடும் சண்டை கிடையாது. படுக்கும்போது எடுக்கிற போனை நள்ளிரவு வரை கீழே வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். வாட்ஸப்பை மட்டும் விடவில்லை. தண்ணீர் லாரி வருவதிலிருந்து பிள்ளையின் பள்ளி விடுமுறை வரை எல்லாம் அதில்தான் வருகிறது.

முடக்க நினைப்பவர்களுக்கு முதலில் சில விஷயங்கள். முடக்குவது வேறு, நீக்குவது வேறு. ஃபேஸ்புக்கை முடக்கினால் பதிவுகளும் படங்களும் பத்திரமாக இருக்கும்; வேண்டுமென்றால் மெசஞ்சரையும் வைத்துக்கொள்ளலாம். நீக்கச் சொன்னால் 30 நாள் அவகாசம் தருவார்கள், அதன்பிறகு போனது போனதுதான். வேறு செயலிகளில் ஃபேஸ்புக் கணக்கை வைத்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தால் அதை முதலில் மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே நுழையும்போது முடக்கிய கணக்கு மறுபடி உயிர்பெற்றுவிடலாம். எக்ஸ் தளத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே முடக்கிவிட்டு அவகாசம் தாண்டினால் கணக்கே காலி.

சரி, மிச்சமான நேரம் எங்கே போனது? முதல் இரண்டு மாதம் அப்படியே யூடியூப் ஷார்ட்ஸுக்குப் போனது. ஒரு கடையை மூடிவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்த மாதிரி. யூடியூபில் 'பார்த்தவை' வரலாற்றை அழித்து, நிறுத்தியும் வைத்தபிறகுதான் முகப்புப் பக்கம் வெறிச்சோடியது. தேடினால்தான் வீடியோ வரும். முடக்கியதைவிட இந்த ஒரு அமைப்புதான் எனக்கு அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். தூக்கம் சீரானது. புத்தகமாகப் படித்துத் தள்ளினேன் என்று சொன்னால் பொய்.

2018இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பணம் கொடுத்து ஆட்களை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்க வைத்தார்கள். சராசரியாக ஒருவருக்கு நாளுக்கு 60 நிமிடம் மிச்சமானது, மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, செய்தி அறிவு குறைந்தது. என் கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நான்கு வாரத்தில் தெரியாத ஒன்று எனக்கு ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நெருங்கியவர்கள் எங்கேயும் போகவில்லை, போன் செய்கிறார்கள். அடுத்த வட்டத்து ஆட்கள்தான் காணாமல் போகிறார்கள்: பழைய ஆபீஸ்காரர்கள், கல்லூரி ஜூனியர்கள், முன்பு குடியிருந்த தெருக்காரர்கள். முன்னாள் சக ஊழியர் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "அப்பா தவறி நாலு மாசம் ஆச்சுங்களே, போட்டிருந்தேனே, பார்க்கலையா?" என்றார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. போட்டாலே எல்லோருக்கும் சொன்ன மாதிரி என்று ஆகிவிட்ட காலத்தில், அங்கே இல்லாதவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான். அப்புறம் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இப்படிப்பட்டவர்களில் யாராவது ஒருவருக்கு அழைப்பது. பாதிப் பேர் எடுத்ததும் "என்ன, ஏதாவது விசேஷமா?" என்று பதறுகிறார்கள். சும்மா கூப்பிட்டேன் என்றால் நம்பக் கொஞ்ச நேரம் எடுக்கிறது.

இன்னொரு இழப்பு புத்தகம். தமிழில் சின்னப் பதிப்பகங்கள் புது வெளியீட்டையும் முன்வெளியீட்டுச் சலுகையையும் பெரும்பாலும் ஃபேஸ்புக்கில்தான் அறிவிக்கின்றன. இந்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனபோது எந்த அரங்கில் என்ன புதிது என்றே தெரியவில்லை. நாளிதழ்களில் வரும் நூல் அறிமுகம் இதற்குப் போதாது.

இன்ஸ்டாவில் புடவையோ கேக்கோ விற்பவர்களுக்கு இப்படி விலகுவது பொருந்தாது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் குறைந்தது ஆறு மாதம் விலகிப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் நல்லது மட்டும்தான் கண்ணில் படும்.

போன மாதம் ஃபேஸ்புக்கைத் திரும்பத் திறந்தேன், கணினியில் மட்டும், பதிப்பகங்களுக்காகவும் அந்த அடுத்த வட்டத்துக்காகவும். போனில் செயலி இல்லை. இன்ஸ்டா பக்கம் போகும் எண்ணம் இல்லை. நல்ல ரீல்ஸ் ஏதாவது இருந்தால் வீட்டில் மனைவி பிடித்து உட்கார வைத்துக் காட்டிவிடுகிறார்.