மெட்டால்டிஹைடு 2.5% நத்தை மருந்து: மழைக்கால மாடித்தோட்டத்துக்கு எடுபடுமா?

உரக்கடையில் நத்தை மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மெட்டால்டிஹைடு 2.5 சதவீதக் குருணைதான். வெயில் காலத்தில் 5க்கு 4 கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை மாடிகளில் ஓடில்லா நத்தை கீரைப் பைகளை மொட்டையடிக்கும்போது 2தான்.

காரணம் நத்தையின் வாயில் இருக்கிறது. அது தின்பது ஒரு தாளம்: அரம் போன்ற நாக்கு வெளியே நீளும், பற்றும், உள்ளிழுக்கும். தாளம் போடுவது வாயருகே உள்ள நரம்புமுடிச்சு. ஆனால் தொடங்குவதா, தொடர்வதா, துப்புவதா என்பதில் உதட்டிலும் சிறு கொம்புகளிலும் இருக்கும் சுவை நரம்பு செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாக ஆராயப்பட்ட கடல் நத்தை அப்ளீசியாவில் இது தெளிவாகத் தெரியும். விழுங்கும்போது நாக்கு உள்ளே போகையில் இறுகப் பிடிக்கும். வேண்டாததைத் துப்பும்போது வெளியே வருகையிலேயே இறுகும். அதே நாக்குதான், இறுகும் நேரம் மட்டும் மாறுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் வியப்பு தீராது!

குருணையிலுள்ள தானிய மாவு இந்தத் தாளத்தைக் கிளப்பிவிடும். மருந்து உள்ளே போனதும் தாளம் குலைந்து, சாகும் அளவு சேரும் முன்பே நத்தை தின்பதை நிறுத்திவிடுவதுண்டு. மருந்தின் வீரியத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் நிறுத்தும். அரைகுறையாகத் தின்றது சளியைக் கக்கிக் கிடக்கும். காற்று உலர்ந்திருந்தால் நீர் வற்றிச் சாகும். தரை ஈரமாக இருந்தால் இழந்த நீரை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விடும்.

அதனால் வைக்கும் முறைதான் முக்கியம். தண்ணீர் ஊற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் பைகளுக்கு வெளியே நாலைந்து குருணை வைத்து, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கல் கொடுத்துத் தூக்கிவிடுங்கள். குவியலாகக் கொட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஊறிக் கூழானதை மாற்றிவிட வேண்டும். விடிந்ததும் மயங்கிக் கிடப்பவற்றை இடுக்கியால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மழைக்காலத்தில் இதை விட்டால் மருந்து வீண்.

நாய் வளர்க்கும் வீட்டில் வாங்கவே வேண்டாம். மாவு வாசனைக்கு நாயும் தின்னும். வலிப்பு வந்து உயிரே போகலாம். அங்கே இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அதுதான் சரி. அதைத் தின்ற நத்தை இலையைத் தொடாமல் ஒளிந்துகொண்டு சில நாட்களில் சாகும். காலையில் பிணம் கண்ணில் படவில்லை என்று மேலும் மேலும் தூவாதீர்கள்.