ஒட்டி இது நாலாவது மாரி

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு மூன்று படி. இறங்கினால் பாத்ரூம் வரைக்கும் பத்தடிச் சீமெந்துப் பாதை. கார்த்திகை மழை விடாமல் நாலு நாள் அடித்தால் படியும் பாதையும் பச்சை பிடித்துவிடும். ஐந்தாம் நாள் வீட்டில் யாராவது விழுவது வழக்கம். நான் இரண்டு தரம் விழுந்திருக்கிறேன், அம்மா ஒருதரம். அப்போதெல்லாம் சாக்கு விரிப்பதோடு சரி. 2020 மாரியில் பெரியப்பா விழுந்த பிறகுதான், வழுக்காமல் இருக்கப் படியில் ஒட்டும் டேப் வாங்கக் கடைக்குப் போனோம். அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால் என்கிற பொய்க்கால். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வானம் இருட்டினாலே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார், பாத்ரூம் போக வேண்டி வருமே என்று.

ஹார்ட்வெயார் கடையில் 'அன்ரி ஸ்லிப் டேப்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கறுப்பு நிறம், இரண்டு அங்குல அகலம், தடவினால் சாண்ட்பேப்பர் மாதிரி. நான் முதலில் வாங்கியது இருந்ததில் மலிவானது. மழை விட்ட ஒருநாள் வெயிலில், படி காய்ந்துவிட்டது என்று நம்பி ஒட்டினேன். அடுத்த மழைக்கே ஓரம் சுருண்டது. ஒரு மாதத்தில் துகள் கொட்டி நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தெரிந்தது. ஈரத்தில் அது வெறும் சீமெந்தைவிட மோசம். பிழை பாதி டேப்பில், பாதி என்னில்.

கழற்றிய துண்டை வளைத்துப் பார்த்தபோதுதான் அது எப்படிச் செய்யப்பட்டது என்று விளங்கியது. அடியில் பசை, அதன்மேல் பிளாஸ்டிக் படலம். படலத்தில் ஒரு பூச்சுப் பிசின் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே துகளைப் பதித்து, காய்ந்தபின் துகளுக்கு மேலும் ஒரு பூச்சுக் கொடுக்கிறார்கள். சாண்ட்பேப்பர் செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். மேல்பூச்சு போதாவிட்டால் துகள் நிற்காது, கூடிவிட்டால் துகளின் முனை பிசினுக்குள் மூழ்கிவிடும். என்னுடையது போதாத வகை. நகத்தால் சுரண்டினாலே கறுப்பு மண் கொட்டியது. இரண்டாவது சுருளை வாங்குமுன் கடையிலேயே நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

துகள் பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட், அல்லது சிலிக்கன் காபைட். முதலாவதை, பொக்சைட்டை மின் உலையில் 2000 பாகைக்கு மேல் உருக்கி, ஆறவிட்டு, நொறுக்கிச் சலித்து எடுக்கிறார்கள். இதே பொருள் இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் அதற்குப் பெயர் குருந்தம். ஆங்கிலக்காரரின் 'கொரண்டம்' நம்முடைய குருந்தத்திலிருந்து போன சொல்தான். சிவந்தால் மாணிக்கம், நீலமானால் நீலக்கல். இரத்தினபுரியில் கிடங்கு வெட்டித் தேடுவதும் இதையேதான். "உங்கட படியில நீலக்கல்லின்ர சொந்தக்காரன் ஒட்டியிருக்கு" என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஏன் பிள்ளை கறுப்பாக் கிடக்கு?" என்றார்.

டேப்புக்குப் பேர்போன அமெரிக்காவின் 3எம் கம்பனியே 1902இல் குருந்தம் தோண்டத் தொடங்கப்பட்டதுதான். தோண்டியது குருந்தமில்லை என்று தெரிந்த பிறகு சாண்ட்பேப்பர் செய்யப் போனார்கள். 1925இல் அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ட்ரூ மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். துகளும் பசையும் ஒரே கூரைக்குள் வந்த கதை அது.

இவ்வளவு பாடு எதற்கு, முல்லைத்தீவுக் கடற்கரை மண்ணைப் பெயின்ரில் கலந்து அடித்தால் போதாதா என்று தம்பி கேட்டான். தன் வீட்டுப் படிக்கு அடித்தும் விட்டான். கடல் மண் அலையில் உருண்டு மூலை தேய்ந்தது. நொறுக்கிய துகளுக்கு மூலை கூர். அதனால் அவன் படியில் பிடிப்புக் குறைவுதான். ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், என் முதல் டேப்பைவிட அவன் பெயின்ட் ஒரு வருடம் கூடுதலாகத் தாங்கியது.

இரண்டாவது சுருளை 2021 ஆவணியில் ஒட்டினேன். உறையில் 60 என்று போட்டிருந்தது. சல்லடைக் கணக்கு அது: எண் குறையக் குறையத் துகள் பெரிது. 60 என்றால் ஒரு துகள் கால் மில்லிமீற்றர் அளவில் இருக்கும். சப்பாத்துப் போட்டு ஏறும் படிக்கு நல்ல அளவு. எங்கள் வீட்டில் யார் சப்பாத்தோடு நடக்கிறார்கள்? செருப்பையே வாசலில் விடுகிறோம். மூன்றாம் நாள் பெரியப்பா அறிக்கை தந்தார்: "இடது கால் சந்தோசமாக் கிடக்கு பிள்ளை. வலது கால்தான் அழுகுது." ஜெய்ப்பூர் காலின் றப்பர் பாதம் துகளைக் கவ்விப் பிடிக்கிறது, உள்ள காலின் தோல் உரிகிறது.

சரி, படியை இரண்டாகப் பிரிப்போம் என்று இடது பாதிக்கு மட்டும் துகள் டேப்பை விட்டு, வலது பாதிக்கு மண் இல்லாத, புள்ளி புள்ளியாகப் புடைத்த றப்பர் மாதிரியான டேப்பை ஒட்டினேன். அது பாத்ரூம்களுக்கென்றே வரும் வகை. ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது பெரியப்பா மேல்படியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறும்போது இடது பக்கம், இறங்கும்போது வலது பக்கம் ஆகிவிடும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். கால் பொருத்திய இடத்தில் சொல்லிக் கொடுத்தபடி ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது பொய்க்காலையும்தான் முதலில் வைப்பார். முழுவதையும் கழற்றினேன். இப்போது படி விளிம்பில் மட்டும் துகள் டேப் ஒரு பட்டை, மிச்சமெல்லாம் றப்பர் வகை. பாத்ரூமுக்குள் துகள் டேப்பே இல்லை.

இரண்டாவது சுருள் நின்றதற்குக் காரணம் டேப்பை விட ஆவணி வெயில்தான் என்பது என் எண்ணம். இந்தப் பசை காய்ந்து ஒட்டுவதில்லை, அழுத்தத்தில் ஒட்டுவது. இடையில் தூசு இருந்தால் தூசில்தான் ஒட்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்துச் செம்மண் தூசு குசினிச் சட்டிக்குள்ளேயே வரும், படியை விடுமா? ஆகவே கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டி, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டேன். ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த துணியால் துடைத்தேன். துணி செந்நிறமாகாமல் வரும்வரை மூன்று துணி போனது. டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்ட வேண்டும், கூர்மூலையைத்தான் விளக்குமாறு முதலில் கிளப்பும். எண்ணெய்ப் போத்தலை மேலே உருட்டி அழுத்தி, ஒருநாள் முழுக்க ஆளை நடக்க விடாமல் வைத்திருந்தேன். அந்த ஒருநாள் பாத்ரூமுக்கு முன்வாசலால் வீட்டைச் சுற்றித்தான் போக்குவரத்து. ஓரங்களுக்குச் சிலிக்கன் பசை பூசியது பிறகு வந்த புத்தி.

குறைகளும் உண்டு. பெரியப்பாவின் ஊன்றுகோல் நுனி றப்பரைத் துகள் டேப் தின்கிறது. முன்பு ஒரு வருடம் போனது இப்போது ஆறேழு மாதம். ட்ரக்டர் மிதிபலகையிலும் ஒட்டிப் பார்த்தேன், வீண்செலவு. வயல் சேறு துகளுக்கிடையில் அப்பிக் காய்ந்துவிட்டால் டேப் இருந்தும் இல்லாதது போலத்தான். அதற்குப் பட்டறையில் கம்பி வைத்து வெல்டிங் செய்விப்பதே சரி. தண்ணீர்த் தாங்கி ஏணிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரும்புப் படியில் ஒட்டியது ஒரு துண்டுகூட அசையவில்லை. விலை 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலிவானதை வாங்கி இரண்டு தரம் ஒட்டும் காசுக்கு நல்லது ஒன்று வரும்.

இந்த மாரியில் இதுவரை ஒருவரும் விழவில்லை. மழை இருட்டும் பின்னேரங்களில் பெரியப்பா இரண்டாவது கோப்பை தேத்தண்ணி கேட்கிறார்.

கீழ்ப்படியின் வலது மூலை போன கிழமை எழும்பிவிட்டது. சீமெந்துக்குள் ஈரம் இருக்கும்போது தொட்டுப் பயனில்லை, தை வெயில் வர வேண்டும். அதுவரை அந்த மூலையில் அம்மா சோக்கால் ஒரு வட்டம் போட்டு வைக்கிறா. மழை அழிக்கிறது, அவ மறுபடி போடுகிறா.