தீட்டிக் கலர் அடித்த பழைய இன்சர்ட்: ₹14,500 போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

வட சென்னையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டூல் வாங்கப் போங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வியாசர்பாடியில் எங்களுடையது சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் லேத்) பட்டறை. ஷாஃப்ட் ஆர்டருக்காக மண்ணடிப் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில் சிஎன்எம்ஜி 120408 என்ற அளவில் இன்சர்ட் (லேத் டூல் நுனியில் மாட்டி, தேய்ந்தால் மாற்றும் சின்ன வெட்டுத் துண்டு) ஐந்து பெட்டி வாங்கினேன். ₹14,500. சீல் வைத்த பெட்டி, தங்க நிறக் கோட்டிங். "சந்தேகமா இருந்தா அளந்தே காட்டுறேண்ணா" என்று கடைக்காரரே ஒரு பெட்டியைப் பிரித்து, மூலையில் இருந்த ஒன்றை எடுத்து வெர்னியரில் வைத்தார். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே சரியாக 12.7 மிமீ. தானே அளந்து காட்டுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த ஒன்றுதான் அசல். மற்றதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்துப் போட்டவை. பக்கங்களைத் தீட்டிக் கலர் அடித்திருக்கிறார்கள். அளந்தால் 12.3, 12.4. வெட்டுமுனை அந்த அளவுக்கு உள்ளே தள்ளி உட்காருவதால் ஷாஃப்டின் டயா (விட்டம்) கூடி வருகிறது. ஒவ்வொரு முனைக்கும் மெஷினில் ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) மாற்ற வேண்டும். 120408-இல் கடைசி 08 என்றால் நோஸ் ரேடியஸ் (முனை வளைவின் ஆரம்) 0.8 மிமீ, இதிலோ முனைக்கு ஒரு வளைவு. ஈஎன்8 ஸ்டீல் ஷாஃப்டில் ஃபினிஷ் உழுத வயல் மாதிரி. ஸ்கிராப் ஆன ஜாப் தனிக் கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை.

போன் செய்தால், "ஸ்பீடு ஜாஸ்தி வச்சிருப்பீங்க." நேரில் போனால், "கூலன்ட் ஒழுங்கா விழுதா பாருங்க." பெட்டிகளை மேசையில் கொட்டி அதே வெர்னியரைக் கேட்டேன். ரிப்பேராம்! அப்புறம் முதலாளி ஊரில் இல்லையாம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்ற ஜிஎஸ்டி பில் இன்றுவரை வரவில்லை. கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, அதில் 'டிப்' (இன்சர்ட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதை நீட்டினால், "இது எங்க சரக்குன்னு எப்படிண்ணா சொல்றீங்க?" ₹14,500 வாங்கிப் போட்ட வாய்தான் இதைக் கேட்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆத்திரத்தில் எழுத வரவில்லை. சரி, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வெர்னியர் உங்களுடையதாக இருக்கட்டும், இன்சர்ட்டையும் நீங்களே எடுங்கள். தடிமன் 4.76 மிமீ வரவேண்டும். பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள், கலர் உரிகிறதா பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றிக் கிளாம்ப் தழும்பு (முன்பே டூலில் மாட்டி இறுக்கிய தடம்) தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் காசை எடுக்காதீர்கள்.